சுரங்கத்தில் தனியாக வந்தவர்

"அவர் உங்களோடு வந்தவரா?"

ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ரயில் ஊழியர்ப் பெண் ஒருத்தி கயலிடம் அப்படிக் கேட்டாள். ஆங்கிலத்தில் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. வழி தவறிய குழந்தைக்கு அம்மாவைத் தேடுகிறவள் கேட்பதுபோல, அக்கறையோடுதான் கேட்டாள். கயல் ஆமென்று தலையை ஆட்டியிருந்தால் போதும். வாயைத் திறந்திருக்கவே வேண்டாம்.

கயல் என்ன பதில் சொன்னாள் என்பதற்கு முன்னால், அவர் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அவர் சேனாபதி, கயலின் அப்பா. தாராபுரம் பக்கத்துக்காரர். அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து, டிக்கெட் பரிசோதகராக ஓய்வு பெற்றவர். கயல் அவருக்கு ஒரே பெண். அவள் ஜெர்சி சிட்டியில் வீடு வாங்கிக் குடியுரிமையும் வாங்கிய வருஷத்தில் அம்மா பவளம் இறந்துபோனாள். அதிலிருந்து சேனாபதி ஊரில் தனியாக இருந்தார். மாசி மாதத்தில் ஒருநாள் சர்க்கரை இறங்கிச் சமையலறையில் மயங்கி விழுந்தவர், மறுநாள் பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை தரையிலேயே கிடந்தார். அவர் இதைப் போனில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் கயலுக்குத் தெரியும். அன்று பிடித்தவள்தான், விடவில்லை.

"இங்கயே வந்துருங்கப்பா. கிரீன் கார்டுக்கு நான் அப்ளை பண்றேன். உங்களுக்குன்னு தனி ரூம் இருக்குது."

சேனாபதிக்கு மனம் ஒப்பவில்லை. அவர்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தகப்பன் விசேஷத்துக்குக் கை நனைப்பதோடு சரி. ஓரிரு நாள் தங்கினால் விருந்தாளி. அதற்கு மேல் தங்கினால் ஊர் வேறு பெயர் வைத்துவிடும்.

"மாப்ள ஊட்டுல போயி ஒக்காந்து தின்னுட்டுக் கெடக்கறதா கண்ணு? நாளைக்கு நாலு பேரு மொகத்துல எப்புடி முழிக்கறது?"

"இங்க அந்த நாலு பேரே இல்லீங்கப்பா. யாரு உங்களப் பாக்கப் போறா?"

கடைசியில் சுற்றுலா விசாவில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். வந்தார். தின்ற தட்டைத் தானே கழுவினார். போர்வையை மடித்து வைத்தார். மருமகன் ரஞ்சித்குமார் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். அவன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் தெருத்தெருவாக நடந்துவிட்டு வந்தார். வாரங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"எல்லாம் பாத்தாச்சு. மாப்ளயும் தங்கமான மனுசன். நீ வேலை செய்யற எடத்த மட்டும் ஒருக்கா பாத்துக்கறேன் கண்ணு. நாலு பேருக்கு நடுவுல நீ எப்புடி இருக்கறீன்னு பாத்துட்டு, என்ற முடிவச் சொல்லிப்போடறேன்."

அவர் குரலைக் கேட்டே கயலுக்குத் தெரிந்துவிட்டது, முக்கால்வாசி மனசு இங்கே வந்துவிட்டதென்று. அன்று அவள் அறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

ஆபீசுக்குக் கூட்டிப்போக அவள் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். செவ்வாய்க்கிழமைகளில் ஜலஜா வீட்டிலிருந்து வேலை பார்ப்பாள். கயல் அந்தக் கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒன்றுதான் காரணம். அதை அவள் தனக்குத்தானேகூட உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜலஜா அவள் பிரிவின் தலைவி. சென்னையில் பிறந்து வளர்ந்தவள். பார்சிப்பனியில் பெரிய வீடு. கெட்டவள் இல்லை. கயல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதிய சாப்பாட்டு மேசையில், "நான் சீக்கிரம் போகோணுமுங்க" என்று சொன்னபோது, "ஐயோ, சோ க்யூட்! இன்னொரு தடவை சொல்லேன்!" என்று கைதட்டிச் சிரித்தாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சிரிக்கவில்லை. ஆனால் கயல் இன்னொரு தடவை சொல்லவே இல்லை. கொஞ்சநாளில் ஜலஜாவைப் போலவே பேசக் கற்றுக்கொண்டாள். அப்பா போன் செய்தால் மாடிப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் எழுந்து வந்தபோது வீடெல்லாம் வெல்லப்பாகு வாசனை. சேனாபதி அடுப்படியில் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்கப்பா இதெல்லாம்?"

"மொத மொதப் பொண்ணு வேலை செய்யற எடத்துக்குப் போறோம். வெறுங்கைய வீசிட்டா போறது?"

எண்ணெய் மினுங்கும் அந்தப் பலகாரத்தை ஆபீசில் யார் தொடுவார்கள் என்று நினைத்தாள். சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுத்துக் கொடுத்தாள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளையின் பழைய ஜாக்கெட்டை மேலே மாட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, காதை மூடும் கம்பளிக் குல்லாயும் போட்டுக்கொண்டார். காலில் சாக்ஸ், அதற்கு மேல் தோல் செருப்பு. "ஷூ போட்டுக்குங்கப்பா" என்றாள். "கால் கடிக்குது கண்ணு" என்றார்.

ஆற்றுக்கடியில் சுரங்கம் வழியாக நியூயார்க் போகும் ரயிலில் அவருக்குக் கோடியில் ஓர் இடம் கிடைத்தது. கயல் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஸ்டேஷனில் கதவு திறந்ததும், "ஏய், கயல்!" என்று ஜலஜா ஏறினாள்.

கயலின் கால்கள் தாமாகவே அப்பாவை விட்டு நாலு அடி நகர்ந்தன.

"இன்னிக்கு வீட்லேர்ந்துதானே?"

"அதை ஏன் கேக்கற! கிளையண்ட் நேர்ல வர்றான். காலைல ஆறு மணிக்கு மெசேஜ். ஒரு காபிகூடச் சரியாக் குடிக்கல."

'இவங்க எங்கப்பா' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் ஜலஜா மூச்சு விடாமல் கிளையண்டைத் திட்டிக்கொண்டிருந்தாள். சேனாபதி அந்த நேரம் பார்த்துத் தொண்டையைச் செருமி, குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டார். பேச்சு ஓயட்டும் என்று இருந்தாள். பேச்சு ஓய்ந்தது. மறுபடி தொடங்கியது. சொல்லாமல் போன ஒவ்வொரு நிமிஷமும் அடுத்த நிமிஷத்தில் சொல்வதைச் சங்கடமாக்கியது. அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? சேனாபதியோ, மேலதிகாரி போலிருக்கிறது என்று புரிந்துகொண்டு, 'நீ பேசு, நீ பேசு' என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு மடியில் டப்பாவை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆற்றுக்கடியில் போவதற்கு முன்பே ரயில் நின்றது. விளக்குகள் மங்கின. கம்பி கருகும் நாற்றம் வந்தது. நெடுநேரம் கழித்து ஆரஞ்சுச் சட்டை போட்ட ஊழியர்கள் இரண்டு பேர் டார்ச்சோடு வந்து, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இந்த ரயில் போகாது, பெட்டியை விட்டு இறங்கி எங்கள் பின்னால் வாருங்கள் என்றார்கள். எல்லோரும் சுவரோரமாக வரிசையாக நடந்தார்கள். கயல் முன்னால் ஜலஜாவோடு போனாள். பின்னால் செருப்பு சரளையில் தேயும் சத்தம் அவளுக்கு மட்டும் தனியாகக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு இரும்புக் கதவைத் தாண்டியதும் வேறொரு சுரங்கம் வந்தது. ஒரு காலத்தில் அதில் ரயில் ஓடியிருக்கிறது. பிறகு வேறு வழி வெட்டி அதைக் கைவிட்டுவிட்டார்கள். அதற்கும் பிறகு, ரஷ்யாக்காரன் அணுகுண்டு போடுவான் என்று இந்த நாடு பயந்துகொண்டிருந்த காலத்தில், தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்து, குண்டு விழுந்தால் ஜனங்கள் வந்து ஒளிய அதையே ஒதுக்கியிருக்கிறார்கள். குண்டு விழவில்லை. யாரும் வரவும் இல்லை. வந்திருந்தால் தேவைப்பட்டிருக்கும் என்று வாங்கி வைத்ததெல்லாம் அப்படியே கிடந்தது. நீளமான பலகை பெஞ்சுகள், பிரிக்காத பிஸ்கட் தகரங்கள், சுவரோரமாக வரிசையாகப் பச்சை நிற இரும்பு டிரம்கள். மேலே வளைந்த இரும்பு வளையங்களில் துரு கண்ணீர்போல வழிந்து காய்ந்திருந்தது. மறுகோடியில் தெருவுக்கு ஏறும் படிக்கட்டு. அதன் கதவு வெளியிலிருந்து பூட்டித் துருப்பிடித்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் அறுத்துத் திறக்கும்வரை இங்கேயே இருங்கள் என்றார்கள்.

ஒரு பெட்டி ஜனம் டார்ச் வெளிச்சத்தில் நின்றது. கதவை அறுக்கும் கரகர சத்தம் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

சேனாபதிக்குச் சர்க்கரை. வெளியே எங்கே கூட்டிப்போனாலும் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதைத்தான் கயல் முதலில் பார்த்து வைப்பாள். அன்று ரயிலேறி எத்தனை நேரமாகிவிட்டது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நிற்பது தெரிந்தது. அவர் அவளைத் தேடினார். கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியாரிடம் கேட்பதுபோல, நெஞ்சுக்கு நேராக வைத்து ஒற்றை விரலைக் காட்டினார்.

கயல் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜலஜாவிடம் திரும்பி, "கிளையண்ட் எத்தனை மணிக்கு வர்றாங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. மெல்ல நகர்ந்து, டிரம்கள் இருந்த இருட்டுப் பக்கம் போனார். அவை எல்லாம் மூடி கழன்று காலியாகக் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. தகரக் கொட்டகையில் மழை பிடித்துக்கொண்டதுபோலக் கேட்டது. சுரங்கம் முழுக்க இரும்பு. அது சத்தத்தை வாங்கி இரண்டு மடங்காக்கித் திருப்பித் தந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். சத்தம் நிற்கவில்லை. விட்டு விட்டு வந்தது, நின்றதுபோலிருந்து மறுபடி வந்தது. இளைஞன் ஒருவன் சிரித்தான். யாரோ போன் விளக்கை அந்தப் பக்கம் திருப்பினார்கள். வெளிச்சத்தில் கம்பளிக் குல்லாயும் தோள் தொங்கிய ஜாக்கெட்டும் தெரிந்தன. ஒரு தாய் தன் மகளின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

"அய்யோ, நம்ம ஊர் ஆளு!" என்று ஜலஜா பல்லைக் கடித்தாள். "விபூதி எல்லாம் வெச்சுக்கிட்டு! ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? இவங்களாலதான் நம்ம எல்லார் மானமும் போகுது."

அப்போதுதான் ஆரஞ்சுச் சட்டைப் பெண் வந்தாள். அந்தக் கூட்டத்தில் சேனாபதியின் நிறத்தில் இருந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அவள் கயலைப் பார்த்துக் கேட்டாள், அவர் உங்களோடு வந்தவரா என்று.

"நோ," என்றாள் கயல்.

"ரயில்ல உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தார்?" என்று ஜலஜா கேட்டாள். "தெரிஞ்சவரோன்னு நினைச்சேன்."

"இல்ல ஜலஜா. யாருன்னே தெரியாது."

முதல் பொய்யையாவது ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டாவதைத் தமிழில் சொன்னாள். இரும்புச் சுரங்கம் மழைச் சத்தத்தைக் கொண்டுவந்ததுபோலவே இதையும் கொண்டுபோனது. சேனாபதி ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டே வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தவர், நின்றுவிட்டார்.

அவர் வேலையே இதுதானே. டிக்கெட் எடுக்காமல் பெற்ற தாயை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்! "ஒரே இலையில சோறு தின்னுட்டு வந்திருப்பானுக. செக்கிங்னு ஏறுனா, இந்தம்மா யாருன்னே தெரியாதுங்கம்பானுக" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சின்ன வயதில் கயல் கேட்டிருக்கிறாள். அந்த ஆள் எல்லோர் முகத்தையும் பார்ப்பான், பெற்றவள் முகத்தை மட்டும் பார்க்க மாட்டான், அவ்வளவுதான் என்றிருக்கிறார். கயல் இப்போது டார்ச்சைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், தன் கைப்பையைப் பார்த்தாள்.

ஆரஞ்சுச் சட்டைப் பெண் அவரிடம் போய் மெதுவாக, வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள். "சார், நீங்கள் யாரோடு வந்தீர்கள்?"

"நோ மேடம்," என்றார் சேனாபதி. "அலோன். சிங்கிள் மேன்." பிறகு சுற்றி நின்றவர்களை எல்லாம் பார்த்து, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "சாரி சார். சாரி மேடம். சுகர் பேஷண்ட். வெரி சாரி."

அவர் பொய் சொல்லிக் கயல் கேட்டதே இல்லை. அன்றுதான் கேட்டாள். அதையும் அவளுக்காகத்தான் சொன்னார்.

ஜலஜாவால் ஒன்றையும் சும்மா விட முடியாது. மூக்கைப் பொத்திக்கொண்டு, போன் விளக்கோடு டிரம்கள் பக்கம் போனாள். ஒன்றின் மேலிருந்த தூசியைக் காகிதத்தால் துடைத்தாள். குனிந்து படித்தாள். உடனே நிமிர்ந்து கத்தினாள்.

"கயல்! இங்க வந்து பாரேன்! குடிக்கிற தண்ணிக்கு வெச்ச டிரம் இது. தண்ணி தீர்ந்ததும் இதையே டாய்லெட்டா யூஸ் பண்ணணும்னு எழுதியிருக்கு. பக்கத்துல சீட்கூட இருக்கு! அங்கிள் பண்ணதுதான் கரெக்ட்!"

அதையே ஆங்கிலத்தில் எல்லோருக்கும் உரக்கச் சொன்னாள். இந்த முறை எழுந்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ஏனென்றால் அதற்குள் பாதிப் பேருக்குமேல் அதே அவஸ்தையில் இருந்தார்கள். மகள் முகத்தை மூடிய தாய்தான் முதலில், சங்கடமாகச் சிரித்துக்கொண்டு, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேர் தங்கள் கோட்டுகளைக் கழற்றி இரும்பு வளையத்தில் மாட்டித் திரை கட்டினார்கள். வரிசை நின்றது. வரிசை நின்றதும் இடிபாடு தொடங்கியது.

சேனாபதியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நின்றார். குல்லாயைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். கையை நீட்டினார். "ஒன் பை ஒன், ப்ளீஸ். லேடீஸ் ஃபர்ஸ்ட். நோ புஷ்ஷிங்." ஏதோ திருவிழாப் பஸ்ஸை ஒழுங்கு செய்வதுபோல அந்தக் கூட்டத்தை ஒழுங்கு செய்தார். சிரித்த இளைஞன் இடையில் நுழையப் பார்த்தான். அவனைத் தோளைத் தொட்டுக் கடைசிக்கு அனுப்பினார். அவனும் போனான். திரும்பி வந்தவர்கள் அவருக்கு நன்றி சொன்னார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஜலஜாவும் போய்விட்டு வந்தாள். "தேங்க்யூ அங்கிள்! வீட்லேர்ந்து கார்ல வரும்போதே அடக்கிட்டு வந்தேன். நீங்க இல்லாட்டி என் கதி என்ன ஆயிருக்கும்!"

"இதுல என்னங்க அம்மிணி இருக்குது."

வரிசை தீர்ந்ததும் ஜலஜா அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். "கயல், வா. ஏன் அங்கேயே நிக்கற?" கயல் வந்து ஜலஜாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்த ஊர் அங்கிள்?"

"தாராபுரம் பக்கமுங்க."

"அட, இவளும் அந்தப் பக்கம்தான். நீ கோயம்புத்தூர்தானே கயல்?"

கயல் ஆபீசில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். "ம்," என்றாள்.

"அப்புடீங்களா," என்றார் சேனாபதி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இங்க யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

கதவை அறுக்கும் சத்தம் ஒரு நிமிஷம் நின்றிருந்தது. இப்போது அப்பாவைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அங்கிருந்த எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. ஜலஜாவுக்கே பிடித்துவிட்டது. இவர்தான் எங்கப்பா என்று சொன்னால் பெருமையாகக்கூட இருக்கும். ஆனால் அதைச் சொன்னால், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள் சொன்னது என்ன என்பதும் வெளியே வரும். முதலில் அவரை மறைத்தாள். இப்போது தன்னை மறைத்தாள். இது அதைவிடக் கேவலம் என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தாள். சேனாபதி கொஞ்சம் காத்திருந்தார். அவர் காத்திருந்தது அவளுக்குப் புரிந்தது.

"சும்மா ஊரு பாக்கலாம்னு வந்தனுங்க," என்றார் பிறகு. "டூருங்க."

"தனியாவா? இந்த வயசுலயா! பசங்க?"

"ஒரே பொண்ணுங்க. நல்லா இருக்குது. அது பொழப்பு அதுக்கு."

பேச்சை மாற்ற நினைத்தவர்போல டப்பாவைத் திறந்து நீட்டினார். ஜலஜா ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"வாவ்! என்ன அங்கிள் இது?"

"கச்சாயமுங்க. நாந்தான் சுட்டேன்."

"நீங்களா! யாருக்குக் கொண்டுபோறீங்க?"

"ஒரு எடத்துக்குப் போலாம்னு கெளம்புனனுங்க. இனிமே போறதுக்கில்ல. சாப்புடுங்க."

"இவ்ளோ தைரியமா இருக்கீங்க. இங்கயே வந்து செட்டில் ஆயிடுங்களேன் அங்கிள். ஊர்ல தனியா என்ன பண்ணப் போறீங்க?"

"இல்லீங்க அம்மிணி. பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. அடுத்த வாரம் ஊருக்குக் கெளம்பறனுங்க."

மாசியிலிருந்து கயல் கெஞ்சிக் காத்திருந்த பதில் அது. அவளிடம் சொல்வதாக இருந்த பதில். பக்கத்தில் அவளை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டார். தாராபுரத்து வீட்டின் சமையலறைத் தரை கயலின் கண்முன் வந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரை. அதில் இரவெல்லாம் கிடந்த மனிதர் இந்தப் பக்கம் குனிந்து, ஜலஜாவைத் தாண்டி, டப்பாவை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்கம்மா."

பிறந்ததிலிருந்து அவள் அவருக்குக் 'கண்ணு'. பெயர் சொல்லிக்கூட அதிகம் கூப்பிட்டதில்லை. கயல் ஒன்றை எடுத்தாள். கடித்தாள். விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள்.

மேலே கதவு விழுந்த சத்தம் கேட்டது. படிக்கட்டில் பகல் வெளிச்சம் இறங்கியது.

தெருவில் தீயணைப்பு வண்டிகள் நின்றன. புறப்பட்ட ஸ்டேஷனுக்கே ஆட்களைத் திருப்பிக் கொண்டுபோக ஒரு பஸ் வந்திருந்தது. கயலின் வீடு அந்த ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். சேனாபதிக்குத் தினமும் நடந்து பழகிய தெருக்கள்.

"அங்கிள், நாங்க ஆத்தைத் தாண்டறதுக்கு கேப்ல ஃபெர்ரிக்குப் போறோம். உங்களை எங்கயாவது டிராப் பண்ணட்டுமா?"

"வேண்டாமுங்க. பஸ்ஸு இருக்குதே. நீங்க போயிட்டு வாங்க."

அவர் பஸ் வரிசையை நோக்கி நடந்தார். கேப் வந்து நின்றது. ஜலஜா கதவைத் திறந்தாள்.

"ஏறு கயல். கிளையண்ட் வந்துடுவான்."

"நான் வரல ஜலஜா."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"அவர் எங்கப்பா."

"யாரு?"

"இவ்ளோ நேரம் உங்ககூடப் பேசிட்டிருந்தாரே, அவருதான். எங்கப்பா. நான் பொய் சொன்னேன்."

ஜலஜா அவளைப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல மாறியது. கேட்ட ஒவ்வொரு கேள்வியையும், அவர் சொன்ன ஒவ்வொரு பதிலையும், கையில் வாங்கித் தின்றதையும் அவள் ஒவ்வொன்றாகத் திரும்ப எண்ணிப் பார்ப்பது அந்த முகத்தில் தெரிந்தது. "ஜீசஸ், கயல்," என்று மட்டும் சொன்னாள்.

கயல் ஓடினாள். பஸ் வரிசையில் சேனாபதிக்கு முன்னால் தள்ளுவண்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"அப்பா! நில்லுங்கப்பா! ஊட்டுக்குப் போலாமுங்கப்பா, நானும் வாரனுங்க!"

தெருவே கேட்கும்படி கத்தினாள். எத்தனையோ வருஷமாக வெளியில் எடுக்காத பேச்சு அது. சுரங்கத்திலிருந்து வந்தவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஆரஞ்சுச் சட்டைப் பெண் பார்த்தாள். அவர் கையைக் குலுக்கிய கிழவர் பார்த்தார். சேனாபதியும் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவளுக்குப் பின்னால், கேப் கதவைப் பிடித்தபடி நின்ற ஜலஜாவைப் பார்த்தார். பிறகு குனிந்து தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்து அந்தப் பெண்ணை ஏற்றிவிட்டார். கம்பியைப் பிடித்துத் தானும் ஏறினார்.

கயல் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடியைத் தட்டினாள். பஸ் நிறைந்துவிட்டது, அடுத்தது வரும் என்று டிரைவர் கையைக் காட்டினார். உள்ளே சேனாபதி உட்கார இடமில்லாமல் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்டக்டர்கள் நிற்பதுபோலக் காலை அகட்டி, முன்கண்ணாடியைப் பார்த்து நின்றார். பஸ் கிளம்பியது.